அரக்கு முத்திரை வைத்த மாவு

ராசிபுரத்திலிருந்து சேலம் போகிற பஸ் ரோட்டை ஒட்டி ஒரு நெசவாளர் தெரு இருந்தது. அதன் கடைசி வீட்டில் மயிலம்மாள் ஆப்பம் சுட்டு விற்றுவந்தாள். அந்தக் காலத்தில் ஊரில் முக்கால்வாசிப் பேருக்குக் காலையில் கம்மங்கூழ், ராத்திரி சோளச்சோறு. காய்ச்சலில் வாய் கசந்தவர்கள், பிள்ளை பெற்ற வீட்டுக்காரர்கள், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் வெளியூர் ஆட்கள், இவர்கள்தான் ஆப்பம் தேடி வருவார்கள். மயிலம்மாளின் ஆப்பம் நடுவில் பஞ்சு மாதிரி உப்பி, ஓரமெல்லாம் மெல்லிசாக முறுகியிருக்கும். மேலே கொஞ்சம் தேங்காய்ப் பாலும் நாட்டுச் சர்க்கரையும் விட்டுக் கொடுப்பாள்.

அரிசியை ஊறவைப்பதையும் அரைப்பதையும் யாரும் செய்துவிடலாம். மாவைப் பொங்கவைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்கு அந்த நாளில் கள்தான் வேண்டும். அரைத்த மாவில் ஒரு சொம்பு தென்னங்கள்ளை ஊற்றிக் கலந்து மூடிவைத்தால், விடியும்போது பானை வாய்வரை நுரைத்து நிற்கும்.

மயிலம்மாளுக்குச் சங்கடமும் அந்தக் கள்ளால்தான். அவள் புருஷன் சென்னிமலை நல்ல கைத்திறமைக்காரன். தறிக்குழியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. ஆனால் பொழுது சாய்ந்துவிட்டால் கள்ளுக்கடைக்குப் போய்விடுவான். யாராவது இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விடுகிறபோதுதான் வீடு திரும்புவான். கூலி பாதி நாள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. இரண்டு பெண் குழந்தைகளும் வளர்ந்தது ஆப்பத்தினால்தான்.

ஆப்பத்துக்குக் கள் வாங்க, புருஷன் உட்கார்ந்து குடிக்கிற அதே கடைக்கு அவளும் போக வேண்டியிருந்தது. முதல் தடவை சொம்போடு போய் நின்றபோது உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"சென்னிமலை, உன்ற ஊட்டுக்காரியும் வந்தாச்சு. அவளுக்கும் ஒரு மொந்தை ஊத்தச் சொல்லுடோய்!"

சென்னிமலை தலையைத் தூக்கவில்லை. தூக்குகிற நிலையில் அவன் இல்லை.

தென்னையில் கள் இறக்கும் மரமேறி சின்னானின் மனைவி ஆராயி அந்த நேரத்தில் கடைக்குக் கள் கொண்டுவந்திருந்தாள். மயிலம்மாள் காலி சொம்போடு திரும்பி நடந்ததைப் பார்த்துவிட்டு, ரோடு வரைக்கும் பின்னாலேயே வந்தாள்.

"அம்மிணி, சித்த நில்லு. நீ இங்கெல்லாம் வர வேண்டாம். மாவுக்கு எத்தனை வேணும், ஒரு சொம்புதானே? மரத்துல இருந்து எறக்குன கையோட நானே கொண்டாந்து உன்ற ஊட்டுல ஊத்தீட்டுப் போறேன்."

"அதுக்கு நான் என்னக்கா தர்றது?"

"ஆப்பம் சுட்டா எம்புள்ளைகளுக்கு ரெண்டு எடுத்து வெய்யி. அது போதும்."

சொன்னபடியே செய்தாள். மழையென்று பார்க்கவில்லை, காய்ச்சலென்று பார்க்கவில்லை. ஆறு வருஷம் ஆராயி நாள் தவறாமல் பொழுது இறங்குகிற நேரத்தில் வந்து சொம்பை நிரப்பிவிட்டுப் போனாள். மயிலம்மாள் அந்தக் கடை வாசலை மறுபடி மிதிக்கவே இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம் அக்டோபர் மாதம் பிறந்த அன்று சேலம் ஜில்லா முழுக்க மதுவிலக்கு வந்தது. புரட்டாசி மாதம். முந்தின நாள்வரை சத்தமாகக் கிடந்த கள்ளுக்கடைக்குப் பெரிய பூட்டாகப் போட்டார்கள்.

சென்னிமலைக்கு முதல் பத்து நாள் நரகமாக இருந்தது. கை நடுங்கியது. சட்டை நனைகிற அளவுக்கு வேர்த்தது. சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. மயிலம்மாள் மிளகு ரசமும் கஞ்சியும் வைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். பதினோராம் நாள் காலையில் அவள் அடுப்படியில் இருந்தபோது தறிச் சத்தம் கேட்டது. விடிந்து இவ்வளவு சீக்கிரத்தில் அந்தச் சத்தத்தை அவள் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. பக்கத்து வீட்டுத் தறியோ என்று எட்டிப் பார்த்தாள். குழியில் உட்கார்ந்து சென்னிமலைதான் நெய்துகொண்டிருந்தான். அந்தச் சத்தம் நின்றுவிடுமோ என்ற பயத்தில் அவள் அவனைக் கூப்பிடக்கூட இல்லை.

அந்த வாரம் சந்தைக்குப் போகிற வழியில் பூட்டிய கடை முன்னால் நின்றாள். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும், கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டாள்.

ஆனால் ஆராயியின் முகத்தைப் பார்த்து அவளால் சந்தோஷப்பட முடியவில்லை. சின்னானுக்கு மரம் ஏறுகிற தொழில் போய்விட்டது. தென்னந்தோப்புக்காரர் ஒருவரிடம் தேங்காய் பறித்துப் போடுகிற வேலை கிடைத்தது. அதுவும் மாதத்தில் சில நாள்தான். ஆராயி களத்தில் உட்கார்ந்து எண்ணெய்க்குத் தேங்காய் உடைத்தாள்.

"எங்க ஊட்டுல நல்லா இருக்குதுன்னு உங்கிட்டச் சொல்றதுக்கே வாய் வர்ல அக்கா" என்றாள் மயிலம்மாள் ஒருநாள்.

ஆராயி தேங்காயை உடைத்துக்கொண்டே சொன்னாள்: "அட, எங்க கஷ்டம் எங்களோட. உன்ற புள்ளைக அப்பனப் பார்த்துப் பயப்படாமத் தூங்குதுகளா இல்லியா? அதைச் சொல்லு."

"தூங்குதுக அக்கா."

"அப்புறமென்ன?"

கள் நின்றதோடு ஆப்பமும் நின்றுவிட்டது. மயிலம்மாள் என்னென்னவோ செய்து பார்த்தாள். முந்தின நாள் மாவை எடுத்துவைத்துக் கலந்தாள். புளித்தது, ஆனால் உப்பவில்லை. உளுந்தைக் கூட்டினாள். தோசையாக வந்தது. பழைய சோற்றைப் போட்டு அரைத்தாள். சட்டியில் ஊற்றியது மெழுகு மாதிரி படிந்து கிடந்தது. வாங்க வந்த ஒருவர் பிய்த்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இலையை மடித்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஐப்பசி கடைசியில் ஒருநாள் ஆராயி ஒரு மண்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேகமாக வந்தாள்.

"அம்மிணி, இதை மோந்து பாரு."

மயிலம்மாள் முகர்ந்தாள். தூக்கிவாரிப்போட்டது. "கள்ளா? அய்யோ அக்கா, புடிச்சா செயிலுக்கல்ல போகோணும்!"

"கள்ளுமில்லை, ஒண்ணுமில்லை. தேங்காத் தண்ணி. களத்துல ஒடைக்கிறப்ப எல்லாம் மண்ணுலதான் போகுது. நேத்துப் புள்ளைக குடிக்கட்டும்னு இந்தப் பானையில புடிச்சு, துளி வெல்லம் போட்டு வெச்சேன், மறந்துட்டேன். இன்னிக்குப் பார்த்தா சலசலன்னு நொரைக்குது. வாசம் வந்ததும் எனக்கு உன்ற மாவுதான் நெனப்பு வந்துச்சு."

அன்று சாயங்காலமே மயிலம்மாள் ஊறவைத்திருந்த பச்சரிசியை அந்தத் தண்ணீர் விட்டு அரைத்தாள். ஒரு கரண்டி மாவைத் தனியே எடுத்துக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்து, மறுபடி மாவில் சேர்த்தாள். காலையில் மூடியைத் திறந்தால் மாவு மேலெல்லாம் கண் கண்ணாகக் குழி விட்டுப் பொங்கியிருந்தது. முதல் ஆப்பத்தைச் சட்டியிலிருந்து எடுத்து, சூடாக இருக்கும்போதே தாவணித் துணியில் பொதிந்து, ஆராயி வீட்டுக்கு ஓடினாள். அவளும் ஆராயியும் அதைப் பிய்த்துப் பார்த்து, உள்ளே இருந்த துளைகளைப் பார்த்து, குழந்தைகள் மாதிரி சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு ஆராயி பழையபடி தினமும் பொழுது இறங்குகிற நேரத்தில் பானையோடு வந்தாள்.

மயிலம்மாளுக்கு ஒரே ஒரு குறை இருந்தது. ஆராயி பானையோடு உள்ளே வந்தால் சென்னிமலை தறியை விட்டு எழுந்துவிடுவான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விடுவான். அவள் மாவரைத்து, கல்லைக் கழுவி, எல்லாம் மூடிவைத்த பிறகுதான் திரும்பி வருவான். எங்கே போகிறான் என்று கேட்கப் பயமாக இருந்தது. மலைப்பக்கம் யாரோ திருட்டுத்தனமாகச் சாராயம் காய்ச்சுவதாக ஊரில் பேச்சிருந்தது. அவன் திரும்பி வந்ததும் அவள் ஏதாவது சாக்கு வைத்துப் பக்கத்தில் போய் அவன் மூச்சை முகர்ந்து பார்ப்பாள். வெற்றிலை வாசம்தான் வரும். ஆனாலும் சந்தேகம் போகவில்லை.

மார்கழி மாதம். ஊரில் யாரோ ஒருவர் போலீஸுக்கு மொட்டைக் கடுதாசி எழுதிப் போட்டுவிட்டார். 'மரமேறி சின்னான் சம்சாரம் தினமும் அந்தி நேரத்தில் குடிகாரன் சென்னிமலை வீட்டுக்குப் பானை கொண்டுபோகிறாள். அந்த வீட்டில் முன்போலவே கள் ஆப்பம் நடக்கிறது. சென்னிமலை தினமும் ஏரிப்பக்கம் போய் வருகிறான்.' இதுதான் அதில் இருந்த விஷயம். எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் மாதிரி தெரியாது.

மதுவிலக்கு சப் இன்ஸ்பெக்டராகப் புதிதாக வந்திருந்தவர் பெயர் குழந்தைவேல். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். அதிகம் பேசாதவர். சரியாக ஆராயி பானையை இறக்கிவைத்த நேரத்தில் ஒரு கான்ஸ்டபிளோடு வாசலில் வந்து நின்றார்.

பானையைத் தூக்கி முகர்ந்தார். முகம் இறுகியது.

"இது என்ன?"

"தேங்காத் தண்ணிங்க எசமான்" என்றாள் ஆராயி.

"தேங்காய்த் தண்ணி இப்படியா நாறும்? எத்தனை வருஷமா மரம் ஏறுகிறான் உன் புருஷன்? எனக்கா தெரியாது கள் வாசம்?"

தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். சென்னிமலை அப்போதுதான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறப் பார்த்தான். கான்ஸ்டபிள் அவன் முன்னால் கையை நீட்டித் தடுத்தான்.

"நீதான் சென்னிமலையா? குடிக்கிறவனா?" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

"குடிச்சவனுங்க. புரட்டாசியோட நின்னு போச்சுங்க. நானா நிறுத்தலீங்க, பொய் சொல்ல மாட்டேன். கடைய மூடுனாங்க, நின்னு போச்சு."

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். சப் இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"சரி, நின்றது என்றால், இந்தப் பானை உள்ளே வந்ததும் தினமும் ஏரிப்பக்கம் எங்கே போகிறாய்?"

மயிலம்மாள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அந்தப் பதில்தான் வேண்டும்.

"கேட்கிறேன் அல்லவா?"

"ஏரிக் கரையில போயி உக்காந்துக்குவனுங்க."

"எதற்கு?"

அவன் துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டான். "அந்த வாசத்துக்குங்க. கள்ளு இல்லீன்னு எனக்குத் தெரியும். ஆனா மூக்குக்குத் தெரிய மாட்டேங்குதுங்க. அது ஊட்டுக்குள்ள வந்துட்டா எனக்குக் கையி நடுங்க ஆரம்பிச்சுருது. இங்கயே இருந்தா எங்கியாச்சும் தேடிப் போயிருவனோன்னு பயமுங்க. அதான், இவ அரைச்சுக் கழுவி மூடி வெக்கற வரைக்கும் கரையில உக்காந்திருந்துட்டு வருவேன்."

"உன் பெண்டாட்டியிடம் சொல்லி நிறுத்தச் சொல்வதுதானே?"

"அதெப்படிங்க சொல்றது? நான் குடிச்சுப் போட்டுக் கெடந்தப்பவெல்லாம் எம்புள்ளைகளுக்குச் சோறு போட்டது அந்த ஆப்பமுங்க."

மயிலம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தினமும் அவன் மூச்சை மோப்பம் பிடித்தது அவளுக்கு நினைவு வந்தது. வெட்கமாக இருந்தது. போலீஸ்காரர் எதிரே நிற்கிறார், செயிலுக்கே போக நேரலாம், ஆனாலும் அந்த நிமிஷத்தில் அவள் மனசுக்குள் கும்பிட்டது புருஷனைத்தான்.

அவளுக்கு அதன் பிறகுதான் வாய் திறந்தது.

"எசமான், நாங்க சொல்றத நம்ப வேண்டாமுங்க. உங்க கண்ணு முன்னாலயே செஞ்சு காட்டறேன். தேங்காயை நீங்களே பார்த்து வாங்குங்க. உங்க எடத்துல, உங்க ஏனத்துல வெச்சுச் செய்யறேன். மாவு பொங்கலீன்னா என்னையக் கூட்டீட்டுப் போங்க. ஆராயக்காளை விட்டுருங்க. அவ எனக்கு ஒத்தாசை பண்ணுனதத் தவிர ஒரு பாவமும் அறியாதவ."

குழந்தைவேல் பானைக்குள் குனிந்து பார்த்தார். அந்தத் தேங்காய்த் தண்ணீரைக் காட்டி, "இதைக் குடித்தால் போதை ஏறுமா?" என்று, அங்கே வந்து நின்றிருந்த சின்னானைக் கேட்டார்.

"கொடம் குடிச்சாலும் ஏறாதுங்க. வயித்தாலதான் போகும்" என்றான் சின்னான் பயந்த முகத்தோடு.

இப்போது சப் இன்ஸ்பெக்டருக்கே சிரிப்பு வந்தது. "நாளைக்குச் சாயங்காலம் என் வீட்டுக்கு வாருங்கள் எல்லோரும்" என்றார்.

மறுநாள் அவர் வீட்டுக் கொல்லையில் சின்னான் எட்டுத் தேங்காய்களை மட்டை உரித்து உடைத்தான். தோப்பில் நின்று கான்ஸ்டபிளே எடுத்துவந்த காய்கள். புளி போட்டுத் துலக்கிய புது வெண்கலப் பானை ஒன்றில் தண்ணீரைப் பிடித்தார்கள். மயிலம்மாள் ஒரு வெல்லத் துண்டைப் போட்டாள். சப் இன்ஸ்பெக்டர் பானை வாயில் வெள்ளைத் துணி கட்டி, முடிச்சின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைத்தார். பானை கொல்லைக் கதவோரம் இருந்தது.

அடுத்த நாள் காலையில் முத்திரையை உடைத்துத் துணியை அவிழ்த்தார். தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. நுரை இல்லை. வாசமும் இல்லை. ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார். வெறும் வெல்லத் தண்ணீர்.

"இதுவா பொங்கும்?"

என்ன நடந்தது என்று மயிலம்மாளுக்குப் புரிந்துவிட்டது. ஆராயியின் மண்பானையில் தினம் தினம் ஊறிய புளிப்பு உள்ளேயே ஒட்டியிருக்கும். அதில் ஊற்றியது ஒரே நாளில் எழும்பிவிடும். இது துலக்கிய வெண்கலம். போதாததற்கு மார்கழிப் பனி, கதவிடுக்கில் ஈரக்காற்று. ஆனால் 'அந்தப் பழைய மண்பானையைக் கொண்டாங்க' என்று அவள் எப்படிக் கேட்பாள்? அந்தப் பானையைத்தானே அவர் சந்தேகப்படுகிறார்?

"சாயங்காலம் வரைக்கும் கெடு குடுங்க எசமான். பனிக்கு மந்தமா இருக்குது."

அவர் மறுபடி துணியைக் கட்டினார். முத்திரை வைத்தார். "சாயங்காலம்தான் கடைசி" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனார்.

அவர் மனைவி சௌந்திரம் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயசுக்காரி. முழுகாமல் இருந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எதைச் சாப்பிட்டாலும் வயிற்றில் நிற்காமல் முகம் வெளுத்துக் கிடந்தாள். அவர் போனதும் மெள்ள வெளியே வந்தாள்.

"ஏம்மா, இந்தக் குளிருல கதவோரம் வெச்சா எதுதான் புளிக்கும்? எங்க அம்மா இட்லி மாவைக்கூட மார்கழியில அடுப்பங்கரையிலதான் வெப்பாங்க."

"நானா எடுத்து வெச்சா தப்பாகுமுங்க" என்றாள் மயிலம்மாள்.

"நீ தொடாதே. நான் வெக்கிறேன். முத்திரைய நான் ஒண்ணும் பண்ணப்போறதில்ல."

கனமான பானை. சௌந்திரம் அதைத் தூக்கக் கூடாதென்று மயிலம்மாள் பதறினாள். கடைசியில் காவலுக்கு நின்ற கான்ஸ்டபிளே அதைத் தூக்கிவந்து வெந்நீர் அடுப்பின் பக்கத்தில் வைத்தான். அடுப்பில் கங்கு கிடந்தது. சௌந்திரம் ஒரு மணைப்பலகையை எடுத்துப் போட்டு மயிலம்மாளை உட்காரச் சொன்னாள். வெளியே வேப்பமரத்தடியில் சென்னிமலையும் சின்னானும் ஆராயியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் சேர்த்து மோர் கொடுத்தனுப்பினாள்.

உச்சி நேரம் தாண்டியபோது மயிலம்மாள் காதைப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். அரிசியில் தண்ணீர் ஊற்றினால் கேட்குமே, அதுபோல மிக மெல்லிய சத்தம். அவள் சௌந்திரத்தைப் பார்த்தாள். சௌந்திரமும் குனிந்து காதை வைத்தாள்.

"பேசுது" என்றாள், கண்ணை அகல விரித்து.

சாயங்காலம் சப் இன்ஸ்பெக்டர் முத்திரையை உடைத்துத் துணியை அவிழ்த்ததும், அவருக்குத் தெரிந்த அந்த வாசம் குப்பென்று மேலே வந்தது. அவர் பானையையும், உடைந்த அரக்கையும், தன் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். சௌந்திரம், "நான்தான் அடுப்பங்கரைக்கு மாத்தச் சொன்னேன். முத்திரை அப்படியேதான் இருந்தது, கான்ஸ்டபிளைக் கேளுங்க" என்றாள்.

அந்த வீட்டு ஆட்டுக்கல்லிலேயே மயிலம்மாள் அரைத்தாள். மதியமே ஊறவைத்திருந்த அவர்கள் வீட்டுப் பச்சரிசி, ஒரு பிடி உளுந்து, கொஞ்சம் வெந்தயம், ஒரு கை சோறு. தண்ணீருக்குப் பதிலாக இந்தத் தேங்காய்த் தண்ணீர். ஆராயி எதிரே உட்கார்ந்து அரிசியைத் தள்ளிவிட்டாள். கஞ்சி காய்ச்சிக் கலந்து, பானையில் பாதிக்குக் குறைவாகவே ஊற்றினாள். மறுபடி துணி, அரக்கு, முத்திரை. வெந்நீர் அடுப்பின் பக்கத்தில் வைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

போகிற வழியில் சென்னிமலை இரண்டடி முன்னால் நடந்தான். மயிலம்மாள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்ல?"

"என்னன்னு சொல்றது? இன்னும் எனக்கு அந்த ஆசை போகலீன்னா? நீயே இப்பத்தான் சித்த நிம்மதியா இருக்கறே."

"நான் உங்க மேல சந்தேகப்பட்டுட்டேன்."

"தெரியும் புள்ள. நீ பக்கத்துல வந்து மோந்து பார்த்தப்பவெல்லாம் தெரியும். இத்தன வருசம் நான் பண்ணுனதுக்கு நீ அதையாச்சும் பண்ணாமயா இருப்பே?"

அவள் எட்டி நடந்து அவன் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டாள். பேசினால் ரோட்டிலேயே அழுதுவிடுவாள் போல இருந்தது.

காலையில் அவர்கள் போனபோது சௌந்திரம் வாசலிலேயே காத்திருந்தாள். "வந்து பாருங்க" என்று மயிலம்மாளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பானை வாயில் கட்டிய வெள்ளைத் துணி மேலே உப்பி நின்றது. அரக்கு முத்திரை அந்த உப்பலின் ஓரத்தில் சாய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. துணி நனைந்து மாவு கசிந்திருந்தது. குழந்தைவேல் முத்திரையைக் குனிந்து நன்றாகப் பார்த்தார். உடையவில்லை. அவர் கையாலேயே பிரித்தார். பாதிக்குக் கீழே இருந்த மாவு விளிம்புவரை எழுந்து, மேலெல்லாம் கண் திறந்து கிடந்தது.

மயிலம்மாள் ஆப்பச்சட்டியைக் காயவைத்து, எண்ணெய்த் துணியால் துடைத்து, ஒரு கரண்டி மாவை ஊற்றினாள். சட்டியை இரண்டு காதிலும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி, மூடி போட்டாள். மூடியைத் திறந்தபோது நடுவில் வெள்ளையாக உப்பி, ஓரம் பொன்னிறமாக நின்றது. அதை எடுத்து இலையில் வைத்து, தேங்காய்ப் பாலை விட்டு, முதலில் சௌந்திரத்திடம் நீட்டினாள்.

"இவளுக்கு வேண்டாம், எதுவும் நிற்பதில்லை" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

சௌந்திரம் அதற்குள் ஒரு விள்ளல் வாயில் போட்டுவிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக அது முழுவதையும் தின்றாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் காலி இலையை நீட்டினாள்.

"இன்னொண்ணு."

குழந்தைவேல் தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "எனக்கும் ஒன்று போடம்மா" என்றார்.

அன்று அந்த மாவு தீரும்வரை மயிலம்மாள் சுட்டாள். கான்ஸ்டபிள் நாலு தின்றான். வெளியே இருந்தவர்களைச் சௌந்திரம் கொல்லைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். சென்னிமலை கடைசியாகத்தான் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்ததும் இலையை எடுத்துக்கொண்டு எழுந்தவன், சப் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று கும்பிட்டான்.

"எதற்கு?" என்றார் அவர்.

"கடுதாசியப் பார்த்தவுடனே புடிச்சுப் போட்டிருந்தா நாங்க என்னங்க பண்ணியிருப்போம்? பொறுத்துப் பார்த்தீங்க. அதுக்குங்க."

அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். பிறகு ஆராயியைக் கூப்பிட்டு, "அம்மா, உன் பானையை நாளையிலிருந்து நீ தைரியமாகக் கொண்டுபோகலாம். யாராவது கேட்டால் என்னிடம் அனுப்பு" என்றார். ஆராயி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

ஆனால் அடுத்த நாளிலிருந்து ஆராயி பானையைக் கொண்டுபோகவில்லை. மயிலம்மாள்தான் ஊறவைத்த அரிசியைக் கூடையில் வைத்துக்கொண்டு ஆராயி வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, இனிமே இங்கயே அரைச்சுக்கலாம். எங்கூட்டுக்கு அந்த வாசம் வேண்டாம். காலையில இங்கிருந்தே சுட்டு வித்துடலாம். உனக்கும் பாதி, எனக்கும் பாதி."

"எனக்கு எதுக்கு அம்மிணி பாதி?"

"ஆறு வருசம் நீ எனக்கு ஊத்துனே. அந்த நன்றியத் தீர்க்கறதுக்குன்னு நெனைக்காதே. அது தீர்ற நன்றியில்ல. நீ கூட இருந்தாத்தான் எனக்கு மாவு பொங்குது, அவ்வளவுதான்."

பஸ் ரோட்டுக்கு ஆராயி வீடு இன்னும் பக்கம். தை பிறப்பதற்குள் காலை பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அங்கே வரிசையாக நிற்கத் தொடங்கிவிட்டார்கள். சின்னான் தோப்பில் வேலை இல்லாத நாட்களில் தேங்காய்ப் பால் பிழிந்து கொடுத்தான். சப் இன்ஸ்பெக்டர் வீட்டிலிருந்து இரண்டு நாளைக்கு ஒரு தடவை கான்ஸ்டபிள் தூக்குப்பாத்திரத்தோடு வருவான். சௌந்திரத்துக்கு வயிற்றில் நின்றது அது ஒன்றுதான் என்று சொல்வான்.

மயிலம்மாள் தினமும் விளக்கு வைத்த பிறகு ஆராயி வீட்டிலிருந்து கை கழுவிக்கொண்டு திரும்புவாள். தெரு முனையில் வரும்போதே அவர்கள் வீட்டுத் தறிச் சத்தம் கேட்கும். பொழுது சாய்ந்த பிறகும் சென்னிமலை குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருப்பான். பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருப்பாள். சின்னவள் அப்பன் முதுகோரம் சுருண்டு தூங்கியிருப்பாள். மயிலம்மாள் உள்ளே போகாமல் கொஞ்ச நேரம் வாசலிலேயே நிற்பாள். பிறகு செருப்பில்லாத காலைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போய், சின்னவளைத் தூக்கிப் பாயில் போட்டுவிட்டு, சோறு எடுத்துவைப்பாள்.